காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். பட்டறையில் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். தெருமுனையில் இன்னொரு வண்டி திரும்பும். "வர்ற வண்டியில பெல்ட் தேஞ்சு போச்சு மாப்ள, புதுசு எடுத்து வை" என்று அடியிலிருந்தே குரல் வரும். வண்டி வந்து நின்றதும் பானட்டைத் தூக்கிப் பார்த்தால் பெல்ட் தேய்ந்துதான் இருக்கும். வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். பக்கத்தில் மச்சினன், அதாவது காதுக்காரரின் மனைவியின் தம்பி, என்னவோ தானே கண்டுபிடித்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். பட்டறையில் ஒயர், பேட்டரி வேலையெல்லாம் அவனுடையது. கையில் ஒயர் இருக்கும்வரை பேசமாட்டான், ஒயரைக் கீழே வைத்தால் வாயை மூடமாட்டான்.

அந்தப் பேர்போன காதுகள்தான் இப்போது அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தன.

எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் போன் மணி கேட்காமல் போயிற்று. போன் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கினார். அதுவும் ஊமையாக இருந்தது. பிறகு ஸ்பேனர் கைதவறி விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. லாரி போவது கேட்டது, தண்ணீர் சொட்டுவது கேட்கவில்லை. ஆட்கள் பேசினால் குரல் வந்தது, சொல் வரவில்லை. ஒரு மெக்கானிக்குக் கோளாறைக் காட்டிக்கொடுப்பது பெரிய சத்தங்கள் இல்லை, சின்னச் சத்தங்கள்தான். அவைதான் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. காதுக்காரருக்குக் காது போயிற்றாம் என்று தெரு சிரிக்குமே என்ற பயம். அதனால் சில தந்திரங்களைப் பழகிக்கொண்டார். வண்டி வந்தால், "நீங்க என்ன சத்தம் கேட்டீங்க, முதல்ல அத சொல்லுங்க" என்று வண்டிக்காரரையே பேசவிடுவார். பேசுபவரின் உதட்டைப் பார்ப்பார். எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பிடிப்பார். பாதிக் கோளாறுகள் கையிலேயே அகப்பட்டுவிடும். மீதிக்கு அனுபவம் இருந்தது. வீட்டிலோ தந்திரமே தேவைப்படவில்லை. மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டு இவர் திரும்பாவிட்டால், வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இவரும் அப்படியே விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் சிஸ்டரின் வண்டி வந்தது.

சிஸ்டர் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் செவிலி. சின்னப் பச்சைக் கார் வைத்திருந்தாள். பின்சீட்டில் எப்போதும் அவளுடைய பெரிய பையும் துவைத்து மடித்த துணிகளும் இருக்கும். யாருக்கு எப்போது வலி எடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வண்டி மட்டும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் அவளுக்கு.

"அண்ணே, எஞ்சின்ல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். எப்பவும் இல்ல. வரும், போகும்."

காதுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். கையை வைத்துப் பார்த்தார். ஆயில் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்று அனுப்பிவைத்தார். சத்தம் வரவில்லையா, வந்தும் தனக்குக் கேட்கவில்லையா என்பது அவருக்கே தெரியாது. அன்று முழுக்க அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சிறிது நாளில் அவள் மறுபடி வந்தாள். இடையில் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறாள். உள்ளே பேரிங் போய்விட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்க எஞ்சினே போச்சுங்கறாங்க. நீங்க ஒண்ணுமே இல்லங்கறீங்க. ரெண்டு டாக்டர் இப்படிப் பேசினா நோயாளி கதி என்னண்ணே ஆகும்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். காதுக்காரர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை வந்தபோது அவள் சிரிக்கவில்லை. காலை நேரம். உடையெல்லாம் கசங்கியிருந்தது, செருப்பில் சேறு.

"இன்னிக்கு மேட்டுல ஏறும்போது அடிக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. எஞ்சின் வெடிச்சிருமோன்னு பயந்துபோய் வண்டிய ஓரமா விட்டுட்டு பையத் தூக்கிட்டு ஓடினேன். நல்லவேள, போய்ச் சேர்ந்தப்ப குழந்த இன்னும் வெளிய வரல. அப்புறம் திரும்பிப் போய் வண்டிய மெதுவா ஓட்டிட்டு வந்தேன். இப்பவும் அடிக்குது. வந்து கேளுங்க."

மச்சினன் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வாசல் பெஞ்சில் ரெண்டு வாடிக்கையாளர்கள் பேப்பரைப் பங்கிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் பானட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின்மேல் குனிந்தார். ஆழமாக ஒரு இரைச்சல் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தக் காலத்தில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார்.

சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பாத்தீங்களா, இப்ப நின்னிருச்சு."

காதுக்காரருக்கு உயிர் வந்தது. "ஆமா ஆமா, நின்னிருச்சு. இது இப்படித்தான் சிஸ்டர், கண்ணாமூச்சி காட்டும்."

உண்மையில் சத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள், தாயின் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் குழலை வைத்து, ஒன்றும் கேட்காமலே "கேக்குது சிஸ்டர்" என்று தலையாட்டுவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்தத் தலையாட்டல் அவளுக்கு அத்துப்படி.

"அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? நீங்களே ஓட்டுங்க" என்றாள், பெஞ்சுக்காரர்களுக்கும் கேட்கும்படி சாதாரணமாக.

பின்தெருவில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மதிலோரம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். சத்தம் நிக்கவே இல்ல."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. "என்ன சோதிச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா."

"எத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தெரியுமா? என்கிட்டயேவா?"

"தெரியும். அதனாலதான் அங்க வெச்சுப் பேசாம இங்க கூட்டிட்டு வந்தேன்."

அதற்குமேல் அவரிடம் கோபம் இல்லை. ஸ்டியரிங்கின்மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ஏறிய நகங்கள். "ரொம்ப நாளாச்சு சிஸ்டர்" என்றார் கடைசியில். "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எத்தன வீட்டுக்குள்ள போறவ. ஒரு வீட்டு விஷயத்த அடுத்த வீட்டுல சொல்றவளா இருந்தா எனக்கு யாராவது கதவத் தொறப்பாங்களா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"பயமா இருக்கு. போச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"நீங்க போகாம இருந்தா, காது வந்து ஒட்டிக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்தது. இந்த விஷயத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டதே பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க வண்டிய வேற நல்ல பட்டறையா பாத்து நானே விட்டுட்டு வர்றேன்" என்றார்.

"வேணாம். வேற பட்டறையப் பாத்தாச்சு, எஞ்சின மாத்தச் சொல்றாங்க. கேக்கறது என் பொறுப்பு. என்னன்னு கண்டுபிடிக்கறது உங்க பொறுப்பு. சரியா?"

திரும்பி வந்து வண்டியைப் பட்டறையின் பின்பக்கத்தில் நிறுத்தினார்கள். காதுக்காரர் ஒரு நீளமான ரப்பர் குழாயை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்தார். "ஒரு முனைய காதுல வெச்சுக்கங்க. இன்னொரு முனைய நான் சொல்ற இடத்துல காட்டுங்க. முடிய நல்லா கட்டிக்கங்க. பெல்ட் பக்கம் கை போகவே கூடாது." எஞ்சினைக் கிளப்பினார். முதலில் சத்தம் வரவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவள் ஒரு விரலை உயர்த்தினாள். வந்துவிட்டது.

"எப்படி அடிக்குது? சீரா இருக்கா?"

அவள் யோசித்தாள். பிறகு வண்டியின் விளிம்பில் விரலால் தட்டிக் காட்டினாள். காதுக்காரர் அந்த விரலையே உற்றுப் பார்த்தார். ரெண்டு தட்டு சேர்ந்தாற்போல் வந்தது. ஒன்று விட்டது. ஒன்று வந்தது. மறுபடி ரெண்டு. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம் அவரிடம் வந்து சேர்ந்தது, கண் வழியாக.

"தாளம் தப்புது" என்றார். குரலே மாறியிருந்தது. "உள்ள பேரிங் போயிருந்தா இப்படித் தப்பாது சிஸ்டர். கடிகாரம் மாதிரி அடிக்கும். இருங்க, உறுதி பண்ணிக்குவோம்."

பிளக்குகளுக்குப் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றும்போது எஞ்சின் தள்ளாடியது. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே இருக்கும் கோளாறாக இருந்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றும்போது சத்தம் அமுங்க வேண்டும். அவள் உயர்த்திய விரல் இறங்கவே இல்லை.

"இப்ப ஏசியப் போடுறேன்."

போட்டார். விரல் சட்டென்று மடங்கியது. "நின்னிருச்சு!" என்றாள். பிறகு அவசரமாக, "இது பொய் இல்லண்ணே, நெஜமாவே நின்னிருச்சு."

ஏசியை அணைத்தார். விரல் எழுந்தது. போட்டார். மடங்கியது. சிஸ்டர் அலுப்பெல்லாம் மறந்து, விளையாட்டில் ஜெயிக்கிற குழந்தைபோல நின்றாள்.

சாமானோடு திரும்பி வந்த மச்சினன் இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். "என்ன மாமா, சிஸ்டர வேலைக்குச் சேத்துட்டீங்களா?"

"ஆமா மாப்ள. உன்ன நிறுத்தியாச்சு. போய் சாக்பீஸ் எடுத்துட்டு வா."

எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினார். எஞ்சினின் பக்கவாட்டில், பெல்ட்டைச் சுழற்றும் பெரிய உருளை தெரிந்தது. அது ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு இரும்பு, வெளியே ஒரு இரும்பு வளையம், ரெண்டையும் பிடித்துக்கொண்டு இடையில் ரப்பர். நடு இரும்பிலிருந்து வெளி வளையம்வரை குறுக்கே சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டார். எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு அணைத்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கோடு ரெண்டாக உடைந்திருந்தது. உள்பாதி ஓரிடம், வெளிப்பாதி வேறிடம்.

காதுக்காரர் வெளி வளையத்தைப் பிடித்து ஆட்டினார். விரல்களுக்குள் அது லேசாக அசைந்தது. ரப்பர் செத்துப்போய், வளையம் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டம்தான் டொக்கு டொக்கு. ஏசி போட்டால் பெல்ட் இறுக்கி வளையத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது, சத்தம் அடங்குகிறது.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இந்த ஒரு சாமான் மாத்தினாப் போதும். ஆனா இப்படியே ஓட்டியிருந்தா ஒருநாள் பெல்ட்டப் பிச்சுக்கிட்டு நடுரோட்டுல நிறுத்தியிருக்கும்."

சிஸ்டர் ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா" என்று மட்டும் சொன்னாள். அன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடியதிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு அது.

மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டிருக்குமே மாமா. ஏன் இத்தன நாளா..."

காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். பொய் ஒன்று நுனிநாக்கு வரை வந்தது. சிஸ்டரைப் பார்த்தார். அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காது சரியாக் கேக்கல மாப்ள. ரொம்ப நாளாவே."

மச்சினன் கையில் அப்போது ஒயர் எதுவும் இல்லை. ஆனாலும் அவன் பேசவில்லை. கடைசியில், "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான்.

சாமான் வந்துசேரும்வரை சிஸ்டருக்குத் தன் சொந்த வண்டியின் சாவியைக் கொடுத்தார் காதுக்காரர். அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன்போல எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே மடித்தாள். பிறகு மடிப்பதை நிறுத்தினாள். பிறகு மடித்த துணியிலேயே முகத்தைத் துடைத்தாள்.

"என்னடி, போகட்டும். டாக்டரப் பாக்கலாம்னுதான் இருக்கேன்..."

"நான் கூப்பிடக் கூப்பிட நீங்க திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். அவள் உதடு நடுங்கியதால் அவருக்குப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. "என் பேச்சு உங்களுக்கு அலுத்துப்போச்சு போலன்னு நெனச்சேன். அதான் கொஞ்ச நாளா கூப்பிடறதையே விட்டுட்டேன்."

தெரு சிரிக்கும் என்று பயந்து பயந்து, வீட்டுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைக் காதுக்காரர் அப்போதுதான் பார்த்தார். மீதித் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கோணல்மாணலாக வந்தது. அவள் பிடுங்கி மறுபடி மடித்தாள். "நாளைக்குக் காலையிலயே போறோம். வண்டி இல்லன்னு சாக்கு சொன்னீங்கன்னா, தோள்ல தூக்கிட்டாவது போயிருவேன்" என்றாள்.

காது டாக்டர் ஒரு இளம்பெண். ரெண்டு காதையும் விளக்குப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தாள். வலது காதில் வருஷக்கணக்கான அழுக்கு கல்லாக இறுகியிருந்தது. சொட்டுமருந்து விட்டு ஊறவைத்து, தண்ணீர் பீச்சி எடுத்தபோது வந்ததைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது. இடது காது வேறு கதை. எஞ்சின்களின் பக்கத்திலேயே கழிந்த வருஷங்கள் அதைத் தின்றிருந்தன.

"ஒரு காதுக்கு அழுக்கு, ஒரு காதுக்கு தொழில்" என்றாள் டாக்டர். "அழுக்க எடுத்தாச்சு. இந்தக் காதுக்கு ஒரு மெஷின் வெச்சுக்கலாம். போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சத்தமான வேலைக்கு இனிமே காத மூடிக்கிட்டுத்தான் போகணும்."

வெளியே வந்தபோது உலகம் ஒரேயடியாக மேலே விழுந்தது. தன் செருப்புச் சத்தமே தன்னைத் துரத்துவதுபோல் இருந்தது. யாரோ சில்லறை எண்ணினார்கள். யாரோ தும்மினார்கள். படியிறங்கும்போது பின்னால் மனைவி முணுமுணுத்தாள்: "இந்த அழுக்க வெச்சுக்கிட்டா என்ன இத்தன நாள் அழவெச்சது, கல்லுளிமங்கன்."

அவர் நின்று திரும்பினார். "என்ன சொன்ன?"

அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல, சொல்லு. இன்னொரு தடவ சொல்லு. இத்தன நாளும் இப்படித்தான் திட்டிட்டு இருந்தியா?"

"இதவிட மோசமா" என்றாள். வாசல் நடுவே நின்று இருவரும் சிரித்த சிரிப்பில், உள்ளே வரவேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

புதிய உருளை வந்ததும் காதுக்காரரே மாட்டினார். சிஸ்டர் வந்து எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டுக் கேட்டாள். ஏசி இல்லாமல் கேட்டாள். மேட்டில் ஏற்றிக் கேட்டாள். விரல் எழவே இல்லை. காதுக்காரர் நன்றி சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சில வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிண்ணே. எஞ்சின மாத்தச் சொன்னப்ப வண்டிய வித்துட்டு இந்த வேலையையே விட்டுடலாமான்னு இருந்தேன்."

"நீங்க எனக்கு நன்றி சொல்றீங்களா?" என்றார் அவர். யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சாவியை நீட்டினார். அவள் புரிந்துகொண்டதுபோலத் தலையசைத்து, சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது பட்டறைக்கு வருபவர்களிடம் அவர் எதையும் மறைப்பதில்லை. "இந்தப் பக்கம் நின்னு பேசுங்க, அந்தக் காது கொஞ்சம் வீக்கு" என்பார். தெரு சிரித்ததா என்றால், ரெண்டு நாள் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. பெஞ்சில் பேப்பர் படிக்கும் ஒருவர் தனியாக அவரிடம் வந்து, மெதுவாக, அந்த டாக்டரின் முகவரியைக் கேட்டு வாங்கிப் போனார்.

மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் பட்டறை போன் அடித்தது. மணிச்சத்தம் கேட்டு அவரே எழுந்துபோய் எடுத்தார். பழக்கமில்லாத ஆண்குரல். மூச்சு வாங்கப் பேசினான்.

"சார், நீங்கதான் சிஸ்டரோட வண்டியப் பாக்கறவரா? நம்பர் அவங்கதான் குடுத்தாங்க. ரோடெல்லாம் தண்ணி சார். ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்க. அவங்க மட்டும் வந்துட்டாங்க. எப்படி வந்தீங்கன்னு கேட்டா, வண்டிய நம்பி வந்தேன், வண்டிக்காக நன்றி சொல்லணும்னா அவருக்குச் சொல்லுங்கன்னாங்க. அதான் சார். பொண்ணு பொறந்திருக்கா சார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவன் பேச்சுக்குப் பின்னால், எங்கோ ஒரு அறையின் மூலையில், மெல்லியதாக ஏதோ கீச்சிட்டது.

"தம்பி" என்றார் காதுக்காரர், "போனக் கொஞ்சம் குழந்த பக்கம் காட்டுங்க."

காட்டினான். காதுக்காரர் போனை வலது காதோடு அழுத்திக்கொண்டு, தகரக் கூரையில் விழும் மழைக்கு நடுவே, அந்த அழுகையை அது ஓயும்வரை கேட்டார்.